வீட்டில் கட்டிய விமானம்... நடுவானில் இன்ஜின் சூடானால்?

மலைப்பாதையில் கார் இன்ஜின் சூடானால் ஓரங்கட்டி, பானட்டைத் திறந்துவைத்துக் காத்திருப்போம். அதே இன்ஜின் ஆகாயத்தில் சூடானால்?

அமெரிக்காவில் தங்கள் கையாலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் பலர். அவர்களில் சிலரின் தேர்வு, மஸ்தா ஆர்.எக்ஸ்-7 காரின் '13பி' ரோட்டரி இன்ஜின். இதில் பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர்கள் இரண்டு சுழலும். 1,308 சி.சி-தான். அதிர்வு குறைவு, சக்தி அதிகம்.

சிக்கல், சூடுதான். எரிபொருள் எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில் எரிவதால், அந்தப் பக்கம் மட்டும் கொதிக்கும். ரோட்டரை உள்ளிருந்து குளிரவைப்பது ஆயில். அதனால் ரேடியேட்டரோடு நல்ல ஆயில் கூலரும் அவசியம். சூடு எல்லை மீறினால் ரப்பர் சீல்கள் கெட்டு, கூலன்ட் இன்ஜினுக்குள் கசியும்.

ஆபத்தான நேரம், டேக் ஆஃப் முடிந்து மேலேறும் நிமிடங்கள். இன்ஜின் முழு சக்தியில் உழைக்கும். விமானத்தின் வேகமோ குறைவு. எனவே, உள்ளே வரும் காற்றும் குறைவு.

முன்னால் பெரிய ஓட்டை போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது! சிறிய வாயில், அங்கிருந்து மெல்ல விரியும் குழாய். இதில் காற்றின் வேகம் குறைந்து, அழுத்தம் கூடி, ரேடியேட்டர் முழுக்க ஊடுருவும். ஓரத்தில் இடுக்கு இருந்தால் காற்று அந்த வழியே நழுவிவிடும். அதனால் இடுக்குகளை ஃபோம் வைத்து அடைப்பார்கள். சூடான காற்று வெளியேறவும் தாராளமாக வழி வேண்டும்.

பறக்கும்போது கூலன்ட், ஆயில் இரண்டின் வெப்பநிலையிலும் ஒரு கண் இருக்கும். முள் ஏறினால், விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவார்கள். இன்ஜின் சக்தியைக் குறைப்பார்கள்.

ஓரங்கட்ட இடமில்லாத வானத்தில், பானட்டைத் திறந்துவைப்பது என்றால் அதுதான்!