கடைசிக் காட்சிக்குப் பிறகுதான் பாடம்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இசைநாடகம் போடுவது ஒரு பருவத்தையே விழுங்கிவிடும் வேலை. பாட்டுக்குத் தனி ஒத்திகை, நடனத்துக்குத் தனி ஒத்திகை, வசனத்துக்குத் தனி ஒத்திகை என்று வாரக்கணக்கில் மாலைகள் கரையும். கடைசி வாரம் விளக்கு, ஒலி, ஆடை எல்லாம் ஒன்றுசேர்ந்து நள்ளிரவைத் தொடும். இத்தனை பாடுபட்டு மேடையேறுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு வார இறுதிகள் மட்டுமே. அந்தக் காட்சிகளைப் பற்றி ஊரே பேசும். அவை முடிந்தபின் மாணவர்கள் எதை எண்ணிப் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. நாடகக் கல்வியின் மிகச் செறிவான பகுதி அங்கேதான் இருக்கிறது.

கலைக்கும் இரவு

கைதட்டல் ஓய்ந்த சிறிது நேரத்திலேயே எல்லோரும் ஒப்பனையைக் கலைத்துவிட்டுப் பழைய சட்டையில் மேடைக்குத் திரும்புகிறார்கள். செட்டைப் பிரிக்க வேண்டும். கதாநாயகியும் விளக்கு இயக்கியவரும் ஒரே பலகையின் இரு முனைகளைப் பிடித்துத் தூக்குகிறார்கள். திருகாணிகள் டப்பாவுக்குப் போகின்றன, கேபிள்கள் சுருட்டப்படுகின்றன, ஆடைகள் துவைக்கப் பிரிகின்றன. பல கல்லூரிகளில் இந்த வேலையிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது. தான் நின்று பாடிய மேடையை எத்தனை பேர் கட்டினார்கள் என்பது பல நடிகர்களுக்கு அன்றுதான் கை வழியாகப் புரிகிறது.

பிரதிகளுக்கும் ஒரு சடங்கு இருந்தது. மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்களிடம் உரிமத் தொகை கட்டித்தான் கல்லூரிகள் இசைநாடகங்களைப் போடுகின்றன. வசனப் புத்தகமும் இசைத்தாளும் வாடகைக்கு வருபவை. பென்சிலால் மட்டுமே குறிப்பெழுதி, முடிந்ததும் அழித்துத் திருப்பித் தரவேண்டும் என்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. எங்கே மூச்செடுப்பது, எந்தச் சொல்லில் திரும்புவது, எந்த அடியில் தோழிக்கு வழிவிடுவது என்று எழுதிய ஒவ்வொன்றையும் ரப்பரால் தேய்க்கும்போது, முதலில் என்ன தவறு செய்தோம், அதை யார் திருத்தினார்கள் என்பதெல்லாம் ஒருமுறை நினைவுக்கு வந்து போகும்.

வெறுமையின் நாட்கள்

அடுத்த சில நாட்கள் கடினமானவை. மாலை ஆனால் கால்கள் தாமாக அரங்கத்தின் பக்கம் திரும்பும்; போனால் அங்கே வேலை இல்லை. பந்தல் பிரித்த கல்யாண வீட்டின் நிலைதான் அது. நாள்தோறும் கூடிப் பாடிய முப்பது நாற்பது பேர் அவரவர் வகுப்புக்குச் சிதறிவிடுவார்கள். இறுதியாண்டு மாணவருக்கு அதுவே கல்லூரியின் கடைசி மேடையாகவும் இருக்கலாம். இந்தச் சோர்வு நாடகக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. அதைப் பலவீனம் என்று ஒதுக்கக் கூடாது. மனம் முழுதாக ஈடுபட்டதற்கான அடையாளம் அது.

அந்த நாட்களில் கூடிப் பேசினால் ஓர் உண்மை வெளிப்படும்: எல்லோரும் பங்கேற்றது ஒரே நாடகம், ஆளுக்கு ஆள் கண்டது வேறு. முன்வரிசைப் பாடகர் கண்டது பார்வையாளர்களின் முகத்தை. கோரஸில் நின்றவர் கண்டது அவருடைய முதுகை. மேடைக்குக் கீழே வாசித்தவர் பார்த்துக்கொண்டிருந்தது இசை நடத்துநரின் கையை. எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்துவிட்டு ஒரு நாள்கூட மேடையேறாத மாற்று நடிகரிடமும் சொல்வதற்கு நிறைய இருக்கும். இவற்றைச் சேர்த்து வைத்தால்தான் நாடகம் முழுமையாகத் தெரியும்.

பேசுவதற்கும் ஒரு முறை

அமெரிக்காவில் இதற்கென்றே ஏற்பாடுகள் வளர்ந்திருக்கின்றன. வாஷிங்டனின் கென்னடி மையம் 1969இல் தொடங்கிய கல்லூரி நாடக விழாவின் வழியாக, வேறு கல்லூரிகளின் ஆசிரியர்கள் வந்து நாடகம் பார்த்து, பிறகு நடித்தவர்களோடும் வடிவமைத்தவர்களோடும் உட்கார்ந்து பேசும் வழக்கம் வேரூன்றியது.

நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய முறை இன்னும் நுட்பமானது. அதில் நான்கு படிகள். முதலில், பார்த்தவர்கள் தங்கள் மனத்தில் தங்கியதைச் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தன் ஐயங்களைக் கேட்பார். மூன்றாவதாக, பார்த்தவர்கள் தீர்ப்பு எதையும் உள்ளே வைக்காத கேள்விகளைக் கேட்கலாம். "பாட்டு ஏன் இப்படி இழுத்தது?" என்று கேட்கக் கூடாது, "பாட்டின் வேகத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். கடைசியாகத்தான் கருத்து, அதுவும் படைத்தவரின் சம்மதம் கேட்ட பிறகு. இருபது வயதில் மேடையேறி நின்றவரின் மனம் உடையாமல் உண்மையைச் சொல்ல இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

முடிந்த நாடகம் சில நேரம் மறுபடி உயிர்பெறுவதும் உண்டு. பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் மைக்கேல் டெபெலாக் தன் முதுகலை ஆய்வுக்காக 1970இல் மேடையேற்றியதுதான் 'காட்ஸ்பெல்' இசைநாடகம். அடுத்த ஆண்டே அது நியூயார்க்கின் சிறிய அரங்குகளை அடைந்தது. அதே பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் புதிதாக இசையமைத்தார். ஆனால் மாணவர் காலத்தில் பெக்கி கார்டனும் ஜே ஹாம்பர்கரும் சேர்ந்து உருவாக்கிய ஒரு பாடலை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். எதை மாற்றுவது, எதை விடாமல் காப்பது என்று திரும்பிப் பார்த்ததன் பலன் அது. இத்தகைய வாய்ப்பு ஆயிரத்தில் ஒரு நாடகத்துக்குக்கூடக் கிடைக்காது. திரும்பிப் பார்க்கும் பயிற்சியை மட்டும் எல்லோருக்கும் தரமுடியும்.

நம் கல்லூரிகளிலும் கலைவிழாவுக்காக மாணவர்கள் ஊண் உறக்கம் மறந்து உழைக்கிறார்கள். பரிசு அறிவித்ததும் மேடை காலியாகிவிடுகிறது. மறுநாள் வருகைப்பதிவுக் கவலை வந்துவிடுகிறது. பொறுப்பேற்கும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒத்திகை அட்டவணை போடும்போதே, கடைசிக் காட்சிக்குப் பின் ஒரு மாலையையும் அதில் எழுதிவையுங்கள். பாடியவர், வாசித்தவர், திரை இழுத்தவர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுங்கள். மேடையில் ஒரு சொல்கூடப் பேசாதவரிடமிருந்து தொடங்குங்கள்.