கமென்டை மங்கலாக்குவது யார் முடிவு?

நிரல் எழுதுவோரின் திரையில் 'இஃப்', 'ரிட்டர்ன்' போன்ற கட்டளைச் சொற்கள் பளிச்சென்று தெரியும். சக மனிதர் படிக்கட்டும் என்று எழுதிவைத்த விளக்கக் குறிப்போ, அதாவது கமென்டோ, பல எடிட்டர்களில் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். கண்ணுக்கு எது தேவை என்று யோசித்துச் செய்த பங்கீடு அல்ல இது. கட்டளைச் சொற்கள் சில டஜன்தான்; அவற்றைப் பட்டியலிட்டுத் தேடிப் பிடிப்பது மென்பொருளுக்கு எளிது. ஆனால் அனுபவமுள்ள யாரும் 'இஃப்' என்ற சொல்லைத் தவறவிடுவதில்லை. 'இந்த வரியை மாற்றினால் கணக்கு உதைக்கும்' என்ற குறிப்பைத்தான் தவறவிடுகிறார்கள். எளிதில் கண்ணில் படாததற்கே நிறம் வேண்டும். அது எது என்பது வேலைக்கு வேலை மாறும். ஆகவே நிறத்தைத் தீர்மானிக்கும் உரிமை எழுதுபவர் கையில் இருக்க வேண்டும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனூ ஈமேக்ஸ் என்னும் எடிட்டர் அந்த உரிமையைத் தருகிறது. அதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்தலாம். நிறமிடும் பகுதிக்கு ஃபான்ட்-லாக் என்று பெயர். எந்த வடிவிலான எழுத்துத்தொடருக்கு எந்தத் தோற்றம் என்ற விதிகளே அதன் அடிப்படை. 'ஃபிக்ஸ்மீ' என்று குறித்த இடமெல்லாம் சிவப்பாக வேண்டுமா? பணக் கணக்கைத் தொடும் ஃபங்ஷன் பெயர்கள் மட்டும் தடித்துத் தெரிய வேண்டுமா? இரண்டொரு வரி போதும். (கமென்ட் விஷயத்தில் ஈமேக்ஸே கொஞ்சம் நியாயமானது: வெளிர் பின்னணியில் அதற்குச் செங்கல் சிவப்பைத் தருகிறது.) 2023இல் வந்த 29ஆம் பதிப்பு ட்ரீ-சிட்டர் என்னும் இலக்கணப் பகுப்பானையும் சேர்த்துக்கொண்டது. எழுத்து வடிவை மட்டும் நம்பாமல் நிரலின் கட்டமைப்பை அறிந்து நிறமிட அது உதவுகிறது. ஆனால் எதை முன்னிறுத்துவது என்பதை அதுவும் நமக்காக முடிவு செய்துவிடாது.

நிறத்தால் பயனே இல்லை என்பாரும் உண்டு. 390 மாணவர்களை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வு, நிறமிட்ட நிரலைப் படித்தவர்கள் கூடுதலாகப் புரிந்துகொண்டதாகக் காட்டவில்லை. அந்த முடிவை மறுக்கத் தேவையில்லை. எல்லாருக்கும் பொதுவான நிறப் பங்கீடு புதியவர்களுக்கு உதவவில்லை என்பதே அதன் செய்தி. தனக்கு எது தப்பிப்போகிறது என்றறிந்தவர் தானே வகுத்த நிறத்தை அது சோதிக்கவில்லை. ஆளுக்கொரு நிறம் வைத்தால் குழுவில் குழப்பம் வராதா? வராது. நிறம் கோப்பில் பதிவதில்லை, அவரவர் திரையோடு சரி. வட ஐரோப்பிய வழியில் வந்த ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரிவரத் தெரியாது என்பதையும் எண்ணினால், ஒரே நிறத்திட்டத்தை எல்லார் மேலும் சுமத்துவதுதான் சிக்கல். நேரம் விரயமாகும் என்ற புகார் மட்டும் உண்மை. ஈமேக்ஸைச் சீவிச் சிங்காரிப்பதிலேயே வேலையை மறந்தவர்கள் நிறையப் பேர்.