விசிட்டில் போய் மாத்திக்கலாமா?

“முதல்ல விசிட்ல போங்க தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்.” கடலூர், புவனகிரி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை என்று வெளிநாட்டு வேலையை நம்பியிருக்கும் ஊர்களில் ஏஜென்டுகள் சொல்லும் பேச்சு இது. இதை நம்பித்தான் அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. நம்பவே கூடாத பேச்சு.

ஊரைச் சுற்றிப் பார்க்கவும் உறவினர் வீட்டில் தங்கவும் தருவதுதான் விசிட் விசா. அதை வைத்துக்கொண்டு கூலி வேலை பார்த்தால் அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். அமீரகம் போன்ற இடங்களில் வேலை விசாவுக்கு மாற வழி இருப்பது உண்மை. ஆனால் மாற்றித் தரவேண்டியவர் அங்கிருக்கும் முதலாளி. இங்கே பணம் வாங்கியவர் அல்ல.

ஏஜென்டுக்கு விசிட் ஏன் பிடிக்கிறது? பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ‘ஈசிஆர்’ வகை. அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். 10 லட்ச ரூபாய்க்கான காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு அதன் பிரீமியம் வெறும் 275 ரூபாய். பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். விசிட்டில் அனுப்பிவிட்டால் இந்தக் கேள்வி எதுவும் எழாது. அப்படிப் போன பையன் சாரத்திலிருந்து விழுந்தால் காப்பீடும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று கூட்டிப்போய், மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கும்பலிடம் தள்ளப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்துசேர்ந்ததை மறந்துவிட வேண்டாம்.

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது. இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை. விசா வேண்டாம் என்றால் வேலை பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்குக் கட்டணமே இல்லை. அதற்கும் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வேலைக்காக இல்லாமல், மகள் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போகும் அம்மாக்களும் ஒரு விஷயத்தில் தடுமாறுகிறார்கள். விசாவில் இருக்கும் கடைசித் தேதி, உள்ளே நுழைவதற்கான கெடு. அதுவரை தங்கலாம் என்பதல்ல. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கியதும் குடிநுழைவு அதிகாரிதான் முடிவு செய்வார். அந்தத் தேதி மின்னஞ்சலில் இ-பாஸாக வரும். வருகை அட்டையை நிரப்பிக் கொடுத்த டிராவல்ஸ்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டிருந்தால், அது அவருக்குத்தான் போகும்! மகளின் மின்னஞ்சலைப் போடச் சொல்லுங்கள். கூடுதல் நாள் தேவையென்றால் கெடு முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கிளம்பிவிட வேண்டும். கெடு தாண்டி 90 நாளுக்கு மேல் தங்கினால் சிறை மட்டுமல்ல, ஆண்களுக்குப் பிரம்படியும் விதிக்க அங்கே சட்டத்தில் இடமிருக்கிறது.

அடுத்து, நம் இனிஷியல். கோ. கலியபெருமாள் என்பவரின் பாஸ்போர்ட்டில் ‘கலியபெருமாள்’ மட்டும் இருந்து, குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். குடும்பப் பெயர் வைக்காத நமக்கு இது இயல்பு. 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் கொண்டவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்றது. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. இப்படிப் பெயர் உள்ளவர்கள் டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது இனிஷியலை விரித்துத் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிடலாம். அதன்பின் விசா, டிக்கெட், அழைப்புக் கடிதம் எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை இருக்க வேண்டும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.