அங்கத்தவர் அநேகர், அதிகாலை ஒன்று

பருத்தித்துறையிலே கோல்ஃப் மைதானம் இல்லை. இனியொருகால் உண்டாகும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. வற்றாத நதி ஒன்றேனும் ஓடாத குடாநாட்டில், மாரிமழையைச் சுண்ணாம்புக் கற்பாறை உள்வாங்கிக் கிணறுகளுக்கு ஈந்தாலன்றிப் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் கிடையாத பூமியில், நூறு ஏக்கர் நிலத்தைப் புல்லுக்கென்றே ஒதுக்கி, அந்தப் புல்லுக்கு நாள்தோறும் நீர் இறைப்பதென்பது எந்தக் கமக்காரனுக்கும் பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். ஆயினும், இவ்வூரிலிருந்து கொழும்புக்கும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்று உத்தியோகத்திலும் வியாபாரத்திலும் முன்னேறியவர்களுள் சிலர் அவ்விளையாட்டைப் பயின்று, கழகங்களில் அங்கத்துவமும் பெற்றுவிட்டபடியால், அதன் சுகத்தோடு அதன் துக்கமும் விடுமுறைக் காலங்களில் நம்முடைய விறாந்தைகளுக்கு வந்து சேருகிறது.

மார்கழி விடுமுறைக்கு இலண்டனிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், கோயில் மணி கேட்பதற்கு முன்னரே எழுந்து, சாய்மனைக் கதிரையில் அமர்ந்து கைத்தொலைபேசியை உற்று நோக்கிக்கொண்டிருந்தார். அங்கே நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும் வேளை இங்கே காலை ஐந்தரை மணி. அவர் திரும்பிப் போனபின் வரும் சனிக்கிழமைக்குரிய ஆட்ட நேரங்கள் அந்தக் கணத்திலேதான் பதிவுக்குத் திறக்கப்படும். ஐந்து முப்பத்திரண்டுக்கு அவர் தலை நிமிர்ந்தபோது, காலையில் ஆடத்தக்க நேரம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. “அண்ணை, சேருறதுக்கும் காசு கட்டினனான், வருஷச் சந்தாவும் தவறாமல் கட்டுறன், சனிக்கிழமை காலமை மட்டும் எனக்கு ஒருநாளும் இல்லை” என்றார்.

செல்வந்தரின் சில்லறை வருத்தம் என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால், பலருக்குச் சமமாக உரிமையான ஒரு பொருள் எல்லாருக்கும் ஒரே வேளையில் வேண்டியிருந்தால் அதனை எவ்வாறு பங்கிடுவது என்ற கேள்வி, கோல்ஃப் ஆடாதவர்களையும் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வியே.

காலையின் கணக்கு

இலங்கையில் இவ்விளையாட்டு நேற்று முளைத்ததன்று. கொழும்புக் கோல்ஃப் கழகம் 1879 இல் தோன்றி, ஆதியில் காலிமுகத் திடலில் ஆடி, பின்னர் ஆளுநர் வெஸ்ட் ரிஜ்வேயின் பெயர் தாங்கும் பொரளை மைதானத்துக்குக் குடிபெயர்ந்து, காலக்கிரமத்தில் ‘றோயல்’ என்ற விருதையும் பெற்றது. களனிவெளி ரயில் பாதை அந்த மைதானத்தை ஊடறுத்துச் செல்வதால், ரயில் வரும்போது ஆட்டக்காரர் எத்துணைப் பெரிய பதவி வகிப்பவராயினும் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் கடந்து போகும்வரை காத்து நிற்பது அவ்விடத்து விசேஷம். மலைநாட்டில் நுவரெலியா, கண்டிக்கு அப்பால் திகணையை அடுத்த விக்டோரியா, தெற்கே அம்பாந்தோட்டை என்று பதினெட்டுக் குழி மைதானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இடம் அரிது என்பதோடு காலமும் அரிது. நால்வர் கொண்ட ஒரு குழு புறப்பட்டபின், அடுத்த குழு ஏறத்தாழப் பத்து நிமிஷம் பொறுத்தே புறப்பட வேண்டும். அவசரப்பட்டால் முன்னே செல்வோரின் தலைமேல் பந்து விழும். பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிக்க நாலரை மணித்தியாலம் செல்லும். ஸ்கொத்லாந்தில் ஆனி மாதத்துப் பகல் 17 மணித்தியாலத்துக்கு மேல் நீளுவதால், அங்கே மாலையிலும் ஓர் ஆட்டம் ஆடி முடிக்கலாம். நம்முடைய நாட்டிலோ வருஷம் முழுவதும் பகலின் நீளம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலமளவே மாறும். அந்தப் பகலிலும் உச்சிவெயிலைத் தவிர்க்க விரும்புகிறவன் காலை ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் புறப்பட்டாக வேண்டும். அந்த இரண்டு மணித்தியாலத்தில் அடங்கும் குழுக்கள் 12, ஆட்கள் 48, சனியும் ஞாயிறும் சேர்ந்து 96.

ஆயிரம் அங்கத்தவர் உள்ள ஒரு கழகத்தைக் கற்பனை செய்து, அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரே வாரந்தோறும் ஆட விரும்புகிறார்கள் என்று கொள்வோம். ஏறத்தாழ 330 பேருக்கு 96 இடம். முதலாம் குழியிலும் பத்தாம் குழியிலும் ஏககாலத்தில் தொடங்கினால் அது 192 ஆகும் என்பது மெய்தான். ஆனால் இரண்டேகால் மணித்தியாலம் கழிந்ததும் முதற்பாதியை முடித்தவர்கள் எதிர்ப்புறத்தில் வந்து கூடிவிடுவதால், அவர்கள் கடந்து போகும்வரை புதிதாக எவரும் புறப்பட முடியாது. எப்படிக் கூட்டினாலும் நூற்றுக்கு மேற்பட்டோர் வெளியே நிற்பார்கள். இது காரியதரிசியின் குற்றமுமன்று, கணினியின் குற்றமுமன்று. இருக்கின்ற காலைகளைவிட அதிகமான காலைகளைக் கழகம் விற்றுவிட்டது என்பதே உண்மை.

விரைந்தவனுக்கே வெற்றி

பற்றாக்குறை இயற்கையாயினும், அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை மனிதரே நிர்ணயிக்கிறார்கள். நெடுங்காலம் பிரித்தானியக் கழகங்கள் பலவற்றில் பெண்களின் தலையிலேயே அது விழுந்தது. குறைந்த சந்தாவும் குறைந்த உரிமையும் உடைய வகுப்பினராக அவர்களைச் சேர்த்துக்கொண்டு, சனிக்கிழமைக் காலையை ஆடவருக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். வாரநாள் முழுவதும் வேலைக்குச் செல்லும் பெண் எப்போது ஆடுவாள் என்ற கேள்வி அக்காலத்து நிர்வாக சபைகளில் எழவேயில்லை. அங்கத்தவரிடையே இத்தகைய பேதம் பாராட்டலாகாது என்று 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் விதித்த பின்னரே அவ்வழக்கத்தின் வேர் அறுந்தது.

இன்று வழக்கிலிருப்பது வேகத்தின் ஆட்சி. குறித்த வேளையில் பதிவு திறக்கும்; முந்தியவர் பெறுவார். கேட்பதற்கு நியாயம்போல் ஒலிக்கும் இவ்விதி, நடைமுறையில், இரவில் விழித்திருக்கக் கூடியவனுக்கும், தன் பொருட்டுப் பதிவுசெய்ய ஓர் உதவியாளனை வைத்திருப்பவனுக்கும், நான்கு நண்பர்களின் பெயரால் நான்கு நேரங்களைப் பிடித்துவைத்துப் பின்னர் மூன்றைக் கைவிடுகிறவனுக்கும் அநுகூலமாகி, குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த தாயையும், இரவு வேலையில் இருந்த வைத்தியரையும் தண்டிக்கிறது. 2024 இல் லொஸ் ஏஞ்சலீஸ் நகரத்துப் பொது மைதானங்களில், தரகர்கள் ஆட்ட நேரங்களைத் திறந்தவுடனே அள்ளிக்கொண்டு, ககாவோ டோக் என்னும் செய்திச் செயலி வழியாக இலாபத்துக்கு விற்கிறார்கள் என்று பெருங்கூச்சல் எழுந்ததும், நகர நிர்வாகம் ஆளுக்குப் பத்து டொலர் மீளாத முற்பணம் வாங்கத் தலைப்பட்டது இதற்கு ஒரு திருஷ்டாந்தம்.

நியூயோர்க் மாநிலப் பூங்காவாகிய பெத்பேஜில், புகழ்பெற்ற கறுப்பு மைதானத்தில் ஆட வரிசையில் இடம்பிடிப்பதற்காக மோட்டார் வண்டிக்குள்ளேயே இரவைக் கழிப்போர் உண்டு. ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் நகரமோ வேறு மார்க்கத்தைக் கண்டது. அங்குள்ள பழைய மைதானம் எந்தக் கழகத்தின் சொத்துமன்று. 1894 இல் நிறைவேறிய சட்டத்தின் வாயிலாக ஊரின் உடைமையானது. ஆட விரும்புவோர் இரண்டு நாளைக்கு முன் பெயர் கொடுக்க, பெருந்தொகையான நேரங்கள் குலுக்கல் மூலம் வழங்கப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஊரார் உலாவுவதற்கு அது திறந்துவிடப்படுகிறது. குலுக்கலுக்குச் செல்வமும் தெரியாது, வேகமும் தெரியாது. ஆயினும் சென்ற வாரம் யார் ஏமாந்தார் என்பதையும் அது நினைவில் வைப்பதில்லை.

கரைவலையின் முறை

நினைவில் வைக்கும் ஏற்பாடு ஒன்று நமக்குச் சமீபத்திலேயே இருக்கிறது. வடமராட்சி கிழக்கில், மருதங்கேணி, ஆழியவளைப் பக்கங்களில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, வள்ளம் கடலுக்குள் அரைவட்டமாகச் சென்று வலையை இறக்கி, சற்றுத் தூரத்தே மறு தலைப்பைக் கொண்டுவந்து சேர்க்கும், இரு புறமும் ஆட்கள் நின்று பின்னோக்கி நடந்து இழுக்க, கடைசியில் மடி மணலில் வந்து கிடக்கும். ஒரு வலை நீரில் இருக்கும்போது அதே பாட்டில், அதாவது வலை வளைக்கும் அதே கரைத்துண்டில், வேறொரு வலை இறங்க முடியாது. ஆகையால், வலைக்குச் சொந்தக்காரராகிய எந்தச் சம்மாட்டிக்கு எந்தப் பாடு என்ற கட்டுப்பாடு இன்றியமையாததாகிறது.

தெற்கே தங்காலைக்கு அண்மையிலுள்ள மாவெல்லக் கரையில் வழங்கிய கரைவலை முறையை மானிடவியலாளர் போல் அலெக்சாந்தர் ஆராய்ந்து 1982 இல் நூலாக வெளியிட்டார். பொருளியலில் நோபல் பரிசு பெற்ற முதற்பெண்மணியாகிய எலினோர் ஒஸ்ரோம், பொதுவளங்களைப் பற்றிய தமது 1990 ஆம் ஆண்டு நூலில் அதனை விரிவாக எடுத்து விவாதித்தார். விடியற்காலத்து இழுவையே மிகுந்த பலன் தருவதால், அந்த வேளை ஒவ்வொரு வலைக்கும் கிரமமாக வந்து சேருமாறு முறை சுழன்றது. முந்தி ஓடி வருவதால் ஒருவனுக்கும் ஆதாயமில்லை. எல்லாருடைய கண்ணுக்கும் எதிரே முறை நடப்பதால் ஏமாற்றுவதும் அரிது.

ஆயினும் ஒஸ்ரோம் அம்மையார் மாவெல்லவை வெற்றிக்கு உதாரணமாகக் காட்டவில்லை. மீனுக்குச் சந்தை விரிந்து விலை ஏறியபோது வலைகளும் பெருகின. புதிய வலைகளைக் கட்டுப்படுத்த அரசாங்கம் விதி வகுத்திருந்தும், செல்வாக்குடையோரின் தலையீட்டினால் அது ஏட்டளவில் நின்றது. முறை பிசகாமல் சுழன்றது. ஆனால் ஒவ்வொரு வலையின் பங்கும் தேய்ந்து, முதலிட்டவனுக்கு அதற்கேற்ற பலன் கிட்டாமற் போயிற்று.

கோல்ஃப் கழகங்கள் கற்கவேண்டிய பாடம் இந்த இரண்டு பாதிகளிலும் அடங்கியிருக்கிறது. வார இறுதிக் காலைகளை வேகத்துக்குப் பரிசாக வைக்காமல், சென்ற முறை பெற்றவர் பின்னே போக, பெறாதவர் முன்னே வரும் ஒழுங்கு வேண்டும்; பதிந்துவிட்டு வராதவர் தம் அடுத்த முறையை இழக்க வேண்டும்; பெயர்ப்பட்டியல் அறிவிப்புப் பலகையில் எல்லாரும் பார்க்கத் தொங்க வேண்டும். இவை யாவும் இலேசான காரியங்கள். கடினமானது மற்றொன்று: நுழைவுக் கட்டணத்தின் ஆசையை அடக்கி, புதிய அங்கத்தவரைச் சேர்ப்பதை ஓர் எல்லையில் நிறுத்துவது. அதைச் செய்யாத கழகத்தில் எத்துணை நேர்மையான முறை வகுத்தாலும், நேர்மையாகப் பங்கிடப்படுவது ஏமாற்றமாகவே இருக்கும்.

ஆகவே, சேர நினைப்பவர் புல்லின் பசுமையையும் மண்டபத்தின் அலங்காரத்தையும் கண்டு மயங்காமல், பணம் கட்டுமுன் காரியதரிசியிடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: அங்கத்தவர் எத்தனை பேர்? சனி ஞாயிறு காலையில் புறப்படும் குழுக்கள் எத்தனை? அவற்றைப் பெறுவது வேகத்தாலா, முறையாலா? முதலிரண்டையும் வகுத்துப் பார்க்க ஐந்தாம் வகுப்புக் கணிதம் போதும். மூன்றாவதற்கு நேரான விடை வராவிட்டால், சந்தாப் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புவது புத்திசாலித்தனம்.