எடை குறையாவிட்டால் நடை வீணா?

எங்கள் நீரிழிவுப் புறநோயாளிப் பிரிவுக்கு ஒன்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஓர் அம்மையார், சென்ற ஆண்டு தமது காலை நடையை நிறுத்திவிட்டார். முழங்கால் வலியா, மழைக்காலமா என்று விசாரித்தோம். இரண்டும் இல்லை. உடற்பயிற்சியால் எடை குறையாது என்று ஆய்வில் தெரியவந்திருப்பதாக ஒரு நாளிதழில் வெளியான செய்தியை, அவருடைய மகன் கைப்பேசியில் அனுப்பியிருக்கிறார். "ஒரு வருஷமா விடியக்காலையில எழுந்து நாற்பது நிமிஷம் நடந்தேன் டாக்டர். எழுபத்து நாலு கிலோ எழுபத்து மூணு ஆச்சு, அவ்வளவுதான். பேப்பர்லயே போட்டுட்டாங்க, அப்புறம் எதுக்கு நடக்கணும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். அவருடைய கணக்கில் பிழையில்லை. செய்தியும் முழுப் பொய்யன்று. ஆயினும் நடையை நிறுத்திய அந்த மூன்று மாதங்களில், மருந்தில் எந்த மாற்றமும் இல்லாத நிலையில், அவருடைய எச்பிஏ1சி அளவு 7.2-இலிருந்து 8.4 ஆக உயர்ந்திருந்தது. நடை நின்றதுதான் இதற்கு முழுக் காரணம் என்று ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு நாங்கள் அடித்துச் சொன்னால், அந்தச் செய்தி செய்த பிழையையே நாங்களும் செய்தவர்களாவோம். ஆகவே பரந்த ஆதாரங்களைப் பார்ப்போம்.

இவ்வகைச் செய்திகளில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது, 2009 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் டைம் இதழில் வந்த அட்டைப்படக் கட்டுரை. உடற்பயிற்சி உங்களை மெலிய வைக்காது என்பதே அதன் சாரம். அது முக்கியமாக எடுத்துக்காட்டிய ஆய்வு, டிமோதி சர்ச் என்பவரும் அவருடைய குழுவினரும் அதே ஆண்டில் வெளியிட்டது. உடலுழைப்பு இல்லாத, கூடுதல் எடையுடைய, மாதவிடாய் நின்ற 464 பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சி இல்லை. மற்ற மூன்று குழுக்களும் வாரத்துக்கு ஏறத்தாழ 72, 136, 194 நிமிடங்கள் ஆறு மாத காலம் பயிற்சி செய்தன. பயிற்சி இல்லாத குழுவில் சராசரியாக 0.9 கிலோ குறைந்தது. பயிற்சி செய்த குழுக்களில் முறையே 1.4, 2.1, 1.5 கிலோ குறைந்தன. மிக அதிகம் உழைத்தவர்களுக்கு, செலவான கலோரியை வைத்து எதிர்பார்த்த அளவுக்கு எடை குறையவில்லை. இது உண்மை, தலைப்புக்கு ஏற்ற உண்மையும்கூட.

தலைப்பில் இடம்பெறாத உண்மைகளும் அதே ஆய்வில் இருந்தன. பயிற்சி செய்த மூன்று குழுக்களிலும் இடுப்புச் சுற்றளவு குறைந்தது. எடை குறைந்ததா இல்லையா என்பதைச் சாராமலே குறைந்தது. இதே பெண்களின் உடல்திறனை, அதாவது உழைக்கும்போது உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவை, 2007-இல் வெளியான முந்தைய அறிக்கை தெரிவித்திருந்தது. பயிற்சியின் அளவு கூடக் கூட அது 4.2, 6.0, 8.2 சதவீதம் என்று படிப்படியாக உயர்ந்தது. வாரத்துக்கு 72 நிமிடம் என்பது நாளொன்றுக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். அவ்வளவு சிறிய முயற்சிக்கே பலன் இருந்தது என்பதுதான், எங்களைக் கேட்டால், அந்த ஆய்வின் முதன்மைச் செய்தி.

இன்னொரு வகைத் தவறு 2012-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வைப் பற்றிய செய்திகளில் காணப்பட்டது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தினர், ஓரளவு கூடுதல் எடையுள்ள, மற்றபடி நலமான இளைஞர்கள் 61 பேரை எடுத்துக்கொண்டு 13 வாரங்கள் ஆராய்ந்தார்கள். தினமும் 300 கலோரி செலவாகும் வகையில் பயிற்சி செய்தவர்கள் 3.6 கிலோ குறைந்தார்கள். 600 கலோரி செலவிட்டவர்கள் 2.7 கிலோ குறைந்தார்கள். உடனே, ஒரு மணி நேரத்தைவிட அரை மணி நேரமே மேலானது என்று உலகெங்கும் தலைப்புகள் வந்தன. உடற்கொழுப்பை மட்டும் தனியாக அளந்தபோது, முதல் குழுவில் 4.0 கிலோவும் இரண்டாம் குழுவில் 3.8 கிலோவும் குறைந்திருந்தன. இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 'கொழுப்பு ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது' என்பதே நேர்மையான தலைப்பாக இருந்திருக்கும். அதை யார் படிப்பார்கள் என்று ஆசிரியர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. ஆனால் அறுபது வயதில், இதயத்தில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்ட ஒருவர், டேனிஷ் இளைஞர்கள் 61 பேரின் முடிவைத் தமக்கென எடுத்துக்கொள்வது எவ்வளவு பொருந்தும் என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தவறுகளுக்குப் பத்திரிகையாளர்களை மட்டும் குறை கூறுவது எங்களுக்கு வசதியானது, நியாயமானதன்று. பிரிட்டனின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் இருபதிலிருந்து 2011-இல் வெளியான 462 செய்திக் குறிப்புகளை ஓர் ஆய்வுக் குழு மூல ஆய்வுகளோடு ஒப்பிட்டு, 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டது. அவற்றில் 40 சதவீதக் குறிப்புகளில், மூல ஆய்வில் இருந்ததைவிட மிகைப்படுத்திய அறிவுரை இருந்தது. விலங்கு ஆய்வுகளைப் பற்றியவற்றுள் 36 சதவீதம், அம்முடிவுகளை அளவுக்கு மீறி மனிதர்களுக்குப் பொருத்திக் காட்டின. மிகைப்படுத்தல் செய்தியறையில் தொடங்கவில்லை. ஆராய்ச்சியாளர்களின் வாசலிலேயே தொடங்கிவிட்டது. மருத்துவர்களாகிய எங்களுக்கும் அதில் பங்குண்டு. 2008-இல், உடற்பயிற்சியின் பலனைத் தரும் மாத்திரை வந்துவிட்டது என்று எழுதப்பட்டதே, அதுவும் எலிகளில் நடந்த ஆய்வுதான். அந்த மாத்திரைக்காக இன்றும் காத்திருப்பவர்கள் எங்கள் வரிசையில் உண்டு.

எதிர்த் திசையிலும் பிறழ்ச்சி நேர்ந்திருக்கிறது. உணவைவிட உடற்பயிற்சிக் குறைவே பருமனுக்குப் பெரிய காரணம் என்பதுபோல் பேசிவந்த ஓர் அமெரிக்க ஆய்வாளர் அமைப்புக்குக் கோகோ கோலா நிறுவனம் நிதியளித்து வந்ததை, 2015 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவ்வமைப்பு கலைக்கப்பட்டது. கொலராடோ பல்கலைக்கழகம் தான் பெற்ற பத்து லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. நடந்தால் போதும், எதையும் குடிக்கலாம் என்ற செய்தி யாருக்கு ஆதாயம் என்று கேட்டுப் பார்ப்பது தவறாகாது.

அப்படியானால் அம்மையாரின் எடை ஏன் குறையவில்லை? எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விரைவாக நடந்தால் ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி செலவாகும். திரும்பி வரும் வழியில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட தேநீரும் அதை ஈடுகட்டிவிடும். வெளியே எதுவும் சாப்பிடாதவர்களுக்கும் பசி சற்றுக் கூடலாம். நடந்துவிட்டோம் என்ற நிறைவில் மீதி நாளை உட்கார்ந்தே கழிக்கலாம். எடையைக் குறைப்பதில் உணவுக்கே பெரிய பங்கு. குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதில் பயிற்சிக்குப் பங்கு அதிகம்.

ஆனால் நடையை நாங்கள் பரிந்துரைத்தது எடைக்காக மட்டுமன்று. உழைக்கும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை, இன்சுலின் கூடுதல் திறனோடு வேலை செய்யும். எடை பார்க்கும் இயந்திரம் இதைக் காட்டாது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தொடர்ந்த நடை 5 முதல் 8 மி.மீ. வரை அழுத்தத்தைக் குறைக்க முடியும்.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைச் சேர்த்துக்கொண்டு 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம். இந்த இரண்டாம் குழுவில் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. உணவு மாற்றமும் சேர்ந்திருந்ததால் நடைக்கு மட்டும் முழுப் பெருமையையும் கொடுக்க மாட்டோம். எடை குறையாவிட்டால் பயனில்லை என்ற முடிவை மட்டும் இந்த எண்கள் ஏற்கவில்லை.

இனி இப்படியொரு செய்தி வீட்டுக்கு வந்தால், ஆய்வு யாரிடம் நடந்தது, எத்தனை பேர், எத்தனை வாரம், எதை அளந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். எடையை அளந்தவர்கள் சர்க்கரையைப் பற்றியோ இதயத்தைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை என்று பொருள். 'எலிகளில்' என்ற சொல் பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் இருக்கும்; அதுவரை படிப்பது நல்லது. பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் பிள்ளைகளையும் இதைக் கேட்டுக்கொள்கிறோம்.

நிறுத்தியவர்கள் மீண்டும் தொடங்கும்போது ஒரே நாளில் பழைய தூரத்துக்குப் போக வேண்டாம். பத்து நிமிடத்தில் தொடங்கலாம். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் திடீரென நடையைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும், மருந்தின் அளவைப் பற்றி முன்கூட்டியே எங்களிடம் பேசுங்கள். பாதத்தில் புண்ணோ உணர்ச்சிக் குறைவோ, கண்ணின் விழித்திரையில் இரத்தக்கசிவோ உள்ளவர்கள் எங்களைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். நடக்கையில் நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள். ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் தணியாவிட்டால் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். தணிந்துவிட்டாலும் அன்றே வந்து காட்டுங்கள்.

அந்த அம்மையார் இப்போது மாலையில் நடக்கிறார். விடியற்காலை எழுவது அவருக்கு எப்போதுமே பிடித்ததில்லையாம். அடுத்த எச்பிஏ1சி பரிசோதனை இன்னும் வரவில்லை. மகன் அனுப்பும் செய்திகளை இப்போது அப்படியே கைப்பேசியில் வைத்துக்கொண்டு எங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறார். நீங்களும் அவ்வாறே செய்யலாம். தலைப்பை மட்டுமல்லாமல் முழுச் செய்தியையும் கொண்டு வாருங்கள்.