நெல்லு காய வேண்டாமா, தம்பி?

"இந்தப் பணத்துக்குப் புல்லட்டே வாங்கியிருக்கலாமே, தலைவா!" என்றான் பக்கத்து சீட்டு நண்பன். வாங்கியிருக்கலாம்தான். ஆனால், பி.எஃப். லோன் போட்டு நான் வாங்கியது ஒரு பழைய நெல் உலர்த்தும் மெஷின். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில், அண்ணன் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பின்னால் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு பீச்சுக்குப் போக முடியாது!

இந்த விபரீத ஆசைக்குக் காரணம் 2021 அக்டோபர்.

குறுவை நெல் அறுவடைக்கு வரும்போதுதான் ஐப்பசி மழையும் வரும். இரண்டுக்கும் என்ன ஜாதகப் பொருத்தமோ! அறுவடை மெஷின் வயலில் இறங்கி ஒரே மத்தியானத்தில் அறுத்துக் கொட்டிவிடும். நெல்லில் ஈரம் 22, 24 சதவீதம் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் 17-க்கு மேல் போனால் எடுக்க விதி இல்லை. வெயில் அடித்தால் தார் ரோட்டில் பரப்பிக் காய வைக்கலாம். அந்த வருஷம் வெயில் எங்கே அடித்தது? படுதா போட்டு மூடிவைத்தார் அண்ணன். ஈர நெல் சும்மா இருக்காது. அதுவும் மூச்சு விடும், குவியலுக்குள் சூடு ஏறும். ஆறாம் நாள் படுதாவைத் தூக்கினால் குப்பென்று ஆவி. கீழே வெள்ளை வெள்ளையாய் முளை!

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டு, மறுபடி போட்டுவிட்டு, மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அடுத்த வருஷம் ஒரு அரிசி மில்லின் பின்புறம் கோணிச் சாக்குகளுக்கு நடுவில் அந்த மெஷினைப் பார்த்தேன். இரண்டு சக்கரத்தில் நிற்கிற ராட்சத சல்லடை டிரம். சுற்றிலும் பொத்தல் போட்ட தகடு. நடுவில் ஒரு திருகு, அடியில் இருக்கும் நெல்லை மேலே தூக்கிக் கொட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஃபேன், டீசல் பர்னர். டிராக்டர் பின்னால் கோத்து, அதன் ஷாஃப்ட்டில் மாட்டினால் ஓடும். ஒரு தடவைக்கு 2 டன்.

விற்றவர் ஓட்டியே காண்பித்தார். வெறும் டிரம்மை! "சும்மா கத்தி மாதிரி ஓடுது பாருங்க" என்றார். நானும் தலையாட்டினேன். பெண் பார்க்கப் போய் பஜ்ஜியை மட்டும் பார்த்துவிட்டு வந்த கதைதான். நாலு மூட்டை நெல்லை ஏற்றிப் போய்க் கொட்டி ஓட்டச் சொல்லியிருக்க வேண்டும். திருகின் ஓரம் தேய்ந்திருந்தால் நெல்லைத் தூக்குவதற்குப் பதில் அரைக்கும். தகட்டின் அடிப்பாகத்தில் துரு இருந்தால் பொத்தல் பெரிதாகி, நெல் காற்று வரும் அறைக்குள் கொட்டும். அங்கே பதரும் தூசும் சேர்ந்து, பர்னர் சூடும் சேர்ந்தால்... தீபாவளிதான்! நல்ல வேளை, அதெல்லாம் சரியாக இருந்தது. கோளாறு வேறு இடத்தில்.

2022 அக்டோபர். மூன்று நாள் கேஷுவல் லீவு சொல்லிவிட்டுப் போனேன். வெளியே பிசுபிசுவென்று தூறல். அந்த மழைக் காற்றில் துணியே காயாது. ஆனால், அதே காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். நெல்லிலிருந்து தண்ணீரைத் தாகத்தோடு உறிஞ்சும். இதைத்தான் அண்ணிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "சரிங்க தம்பி, காபி ஆறுது" என்றார்.

டெம்பரேச்சர் முள் 38-ஐத் தாண்டவே இல்லை. நான் பர்னரைக் கூட்டினேன். 38. இன்னும் கூட்டினேன். 38! பிடிவாதக்கார முள். ராத்திரி பூரா ஓட்டினேன். நடுவில் ஒரு தூக்கம் வேறு. விடியற்காலை அண்ணன் வந்தார். ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். 'டிக்' என்று சத்தம்.

"எத்தனைக்கு வச்சே?"

"17-க்குண்ணா."

"இது 13 இருக்கும்டா."

நான் வாங்கிவந்த ஈரமானி 13.2 என்றது. அண்ணன் பல்லுக்கு பாட்டரி கூட வேண்டாம்!

காய்ந்தால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பாங்க் பரீட்சைக் கணக்கு ஒன்று போடுங்கள்: 24 சதவீத ஈர நெல் 1,000 கிலோ. 17-க்கு இறக்கினால் 916 கிலோ நிற்கும். 13-க்கு இறக்கினால் 874. டன்னுக்கு 42 கிலோ, அதாவது ஒரு சிப்பத்துக்கும் மேலே, டீசல் செலவழித்து ஆகாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன்! விலை போடுவது எடைக்குத்தான். அந்த அக்டோபரில்தான் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு 19 வரை தளர்வு கொடுத்தது. கேட்டதும் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சரி, வீட்டுக்காவது ஆகட்டும் என்று நாலு மூட்டையை அரைத்தோம். பாதிக்குப் பாதி நொய். முள் 38-இல் மாட்டிக்கொண்டிருந்ததே தவிர, உள்ளே நெருப்பு எகிறியிருக்கிறது. ஈரம் மணிக்கு 1 சதவீதம் வீதம் இறங்கினால்தான் அரிசி விரிசல் விடாது. நான் இறக்கிய வேகத்தில் அது உள்ளுக்குள்ளேயே உடைந்துவிட்டது. சென்னைக்கு வந்த நொய் மூட்டையைப் பார்த்து என் மனைவி, "மெஷின் வாங்கினதுக்கு போனஸா?" என்றாள். இரண்டு மாசம் நொய்க் கஞ்சி, நொய் உப்புமா. லஞ்ச் டப்பாவைத் திறந்தாலே பக்கத்து சீட்டுக்காரன் சிரிப்பான்.

அப்புறம் புது தெர்மாமீட்டர் போட்டேன். நெல்லைத் தூற்றி வைக்கோல் தூசி போக்காமல் டிரம்மில் போடுவதில்லை என்று அண்ணனே சட்டம் போட்டார். கொஞ்ச நேரம் சூடு, அப்புறம் பர்னரை அணைத்து வெறும் காற்று. மணிக்கொரு தரம் ஒரு நெல், ஒரு கடி. 18 என்று பல் சொன்னதும் பர்னரை அணைத்துவிடுவார். மிச்ச சூட்டிலேயே 17-க்குக் கீழே வந்துவிடும். இந்த வித்தையை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

அடுத்த குறுவையில் ஒரு ராத்திரி, மழைச் சத்தத்துக்கு நடுவே போன் வந்தது. பின்னால் டிராக்டர் 'டபடப'வென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மூணாவது லோடுடா. பக்கத்து வயக்காரங்களும் கொண்டாந்து நிக்கிறாங்க. டீசலுக்கு மட்டும் வாங்கிக்கிட்டு ஓட்டிக் குடுக்குறேன்."

"அண்ணா, லீவு சொல்லிட்டு நாளைக்கே வந்துடட்டுமா?"

ஒரு நிமிஷம் பதில் இல்லை. 'டிக்' என்று கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"வேணாம்டா தம்பி. நீ வராத வரைக்கும் மெஷின் நல்லாத்தான் ஓடுது!"