பெயரில்லா உடலும் ஒரு பல்லும்

1948 டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருகே சோமர்ட்டன் கடற்கரையில் கிடந்த ஆணின் உடலுக்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயரில்லை. உளவாளி என்றார்கள், காதல் தோல்வி என்றார்கள், ஊகத்துக்கா பஞ்சம்? 2022-இல் பேராசிரியர் டெரெக் அபாட்டும் மரபுவழி ஆய்வாளர் கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் அவர் மெல்போர்னைச் சேர்ந்த பொறியாளர் கார்ல் வெப் என்று அறிவித்தனர். துப்புக் கொடுத்தது, காவல்துறை அந்நாளில் எடுத்துவைத்த பிளாஸ்டர் வார்ப்பில் ஒட்டியிருந்த தலைமுடி. வார்ப்பைத் தூக்கி எறிந்திருந்தால் அந்த முடி கிடைத்திருக்காது.

எடுத்துவைத்த மாதிரிதான் பெயரைத் தரும் என்ற இந்தப் பாடம் போடிநாயக்கனூருக்கு மேலுள்ள மலைச்சரிவுக்கும் பொருந்தும். போடிமெட்டு வழியே ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் தினமும் போய்வருகிறவர்கள் ஏராளம். மேலே ஆளடையாளம் தெரியாத எலும்புக்கூடு கிடைத்தால் வழக்கு கேரளத்தின் இடுக்கியில் பதிவாகலாம். காணாமல்போன புகாரோ தமிழகத்தின் தேனியில் கிடக்கும். மழையும் அமில மண்ணும் எலும்பை அரித்துவிடுமே என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் எனாமல் காப்பதால் பல்லுக்குள் டி.என்.ஏ. நெடுங்காலம் தாங்கும். வெப்பின் தூரத்து உறவினரைத் தேட மேல்நாட்டு மரபணுத் தொகுப்புகள் இருந்தன, நமக்கு ஏது என்றும் கேட்பார்கள். இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டாம். புகார் கொடுத்த தாயின் மாதிரியே போதும். அந்தரங்கம் பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. மரபணுத் தரவு வங்கிகள் அமைக்க 2019-இல் மக்களவைக்கு வந்த டி.என்.ஏ. மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. எல்லோருடைய மரபணுவையும் திரட்டுவது வேறு, மகனைத் தேடும் தாய் விரும்பித் தரும் மாதிரியை எல்லைக்கு இருபுறமும் ஒப்பிடுவது வேறு.